ஜெயிச்சா வெளிய போ

ஹேதர்ஷா டவுன் கால்பந்து மைதானத்தில் அறிவிப்பாளர் அறை என்பது பிரதான பார்வையாளர் மாடமான கிழக்கு ஸ்டாண்டின் கூரைக்கு அடியில் தொங்கும் ஒரு மரப்பெட்டி. இரண்டு நாற்காலி, ஒரு மைக், ஒரு கெட்டில், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. இடது நாற்காலி நெவில் கார்சைடுக்கு. வலது நாற்காலி எனக்கு. அவர் பேசுவார், நான் பொத்தான் அழுத்துவேன். பாட்டு, கோல் சத்தம், ஸ்கோர்போர்டு எல்லாம் என் பொறுப்பு. வார நாட்களில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறேன், செவ்வாய்க்கிழமை மாலை வகுப்புக்குப் போகிறேன், சனிக்கிழமை இந்தப் பெட்டி.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால் யார் மேல் தப்பு என்று தானே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு தடவை எழுதிப் பார்த்தும் தெரியவில்லை. முதல் தடவை ஃப்ரேசர் மேல் தப்பு வந்தது. இரண்டாம் தடவை எல்லார் மேலும் வந்தது. ஆகவே மறுபடியும்.

மூன்று மணிக்கு ஆட்டம். இரண்டே முக்காலுக்கு நெவில் சேதிகள் வாசிப்பார். ஊர்க்காரர்கள் துண்டுச் சீட்டில் எழுதி டீக்கடை ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறந்த நாள், திருமண நாள், இறந்தவர் பெயர், காணாமல் போன நாய். "கிழக்கு ஸ்டாண்டில் இருக்கும் ட்ரேசி கவனிக்கவும், வீட்டுச் சாவி உங்கள் அத்தையிடம் இருக்கிறது." "இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்ட ஹெரால்டு ஓல்ட்ராய்டு இன்று திரும்பி வந்திருக்கிறார், புது இடுப்பு, பழைய இருக்கை." நெவில் பகலில் குளியலறை ஓடு விற்கும் கிடங்கில் வேலை பார்க்கிறார். அங்கே அவரை எல்லாரும் "ஏய் கார்சைடு" என்பார்கள். இங்கே அவர் ஒரு பெயரைச் சொன்னால் மூவாயிரம் பேர் கை தட்டுவார்கள். செத்தவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தட்டுவார்கள். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அவர் வாரம் முழுக்க ஓடு விற்றார் என்று நான் நினைக்கிறேன். அவரிடம் கேட்டதில்லை.

இந்தப் பருவத்தின் நடுவில் எங்களுக்குப் புது ஸ்பான்சர் வந்தது. பஃபின்பெட். பந்தய ஆப். சின்னம், ஆரஞ்சு மூக்கு வைத்த கடல் பறவை. வீரர்களின் நெஞ்சில் அது, கோல் கம்பத்துக்குப் பின்னால் அது, ஆண்கள் கழிவறையில் கண் மட்டத்தில் அது. மைதானத்தைச் சுற்றி எல்.இ.டி. பலகையில் அது நொடிக்கு ஒரு தடவை சிறகடித்தது. பந்து மூலைக்குப் போனால் பந்தைப் பார்ப்பதா பறவையைப் பார்ப்பதா என்று கண் குழம்பும். எங்கள் அணி ஆடும் அழகுக்குப் பறவையே பரவாயில்லை என்று ஹெரால்டு சொன்னார்.

சின்னப் பிள்ளைகள் அணியும் சட்டையில் மட்டும் அந்தப் பறவை இருக்கக் கூடாது என்று விதி. ஆகவே நெவில் பதினாலு வயதுப் பையன் அளவில் ஒரு சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆள் சின்ன உருவம்தான், இருந்தாலும் தொப்புள் தெரிந்தது.

பறவையோடு ஃப்ரேசர் வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும், வெள்ளைக் காலணி, பதவியின் பெயர் ரசிகர் அனுபவ மேலாளர். அதுவரை எங்களுக்கு அனுபவம் இருந்தது, மேலாளர்தான் இல்லை. குளிர், இறைச்சிப் பலகாரம், தோல்வி, இவற்றை நாங்களே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஃப்ரேசர் எல்லாரையும் தலைவா என்பார். முதல் நாள் பெட்டிக்குள் குனிந்து வந்தார்.

"நெவ், தலைவா! உங்க குரல் இருக்கே, தங்கம். இனிமே ரெண்டே முக்காலுக்கு 'பஃபின் பொன்னான பதினஞ்சு'. இன்னிக்கு யார் மொத கோல் போடுவா, அதுக்கு என்ன ரேட்டு, புதுசா சேர்றவங்களுக்கு என்ன இலவசம். நீங்க வாசிக்கிறீங்க, ஜனம் போனை எடுக்குது."

"அப்ப சேதி எப்ப வாசிக்கிறது?" என்றார் நெவில்.

"என்ன சேதி?"

"பொறந்த நாள், சாவு, சாவி."

"அதெல்லாம் ஆப்புல போட்டுக்கலாம் தலைவா. தனிப் பக்கமே இருக்கு."

"ஹெரால்டுகிட்ட அந்த மாதிரி போன் கெடையாதுப்பா."

"ஹெரால்டுக்கு என்ன வயசு?"

"எண்பது."

"அப்ப அவர் நம்ம ஆளே இல்ல."

நெவில் கெட்டிலைப் போட்டார். கோபம் வந்தால் அவர் செய்வது அதுதான். "நான் மாட்டேன்னா?"

"தப்பே இல்ல தலைவா. ரேடியோவுல ஒரு பையன் இருக்கான். அவன் மைக்கைப் பிடிச்சுப்பான். நீங்க ஜாலியா கீழ உக்காந்து மேட்ச் பாருங்க."

எங்கள் ஆட்டத்தை ஜாலியாகப் பார்க்கலாம் என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். கிளப் தலைவர் மார்ட்டின் ஹோயிலிடம் நெவில் போய்க் கேட்டார். ஹோயில் கூரையைக் காட்டினார். "நெவில், அந்த ஓட்டையை யார் அடைக்கறா? நீயா, அந்தப் பறவையா?"

ஆக, சேதி போனது. மைக்காவது இருக்கட்டும் என்று நெவில் ஒப்புக்கொண்டார். ஃப்ரேசர் நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். அது நான் பார்க்க நடந்தது. மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, பேனா எழுதவில்லை என்று ஒரு தடவை உதறிவிட்டுப் போட்டார்.

முதல் சனிக்கிழமை ஃப்ரேசர் ஒரு தாள் கொடுத்தார். முன்பக்கம் பெரிய எழுத்தில் விளம்பரம். பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் விதிமுறைகள். மேலே சிவப்பில்: எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோல் வாசிக்கவும், கூட்டவோ குறைக்கவோ கூடாது.

"பின்பக்கமும் வாசிக்கணுமா?" என்று நெவில் கேட்டார்.

ஃப்ரேசர் போனில் யாருக்கோ கட்டை விரல் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். "எல்லாம் தலைவா, எல்லாம்."

நெவில் வேண்டுமென்றே கேட்டாரா, உண்மையாகவே தெரியாமல் கேட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஓடு விற்கும் முகம்தான் தெரிந்தது.

இரண்டே முக்காலுக்கு முன்பக்கத்தை வாசித்தார். யாரும் கவனிக்கவில்லை. பலகாரம் வாங்கும் வரிசை அப்படியே நகர்ந்தது. தாளைத் திருப்பினார், கண்ணாடியை மாற்றிக்கொண்டார், இறந்தவர்கள் பெயரை வாசிக்கும் குரலை எடுத்துக்கொண்டார்.

"விதி ஒன்று. இந்தச் சலுகை பதினெட்டு வயது நிரம்பிய புதிய வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே."

தலைகள் லேசாக நிமிர்ந்தன. அந்தக் குரலைக் கேட்டால் எங்கள் ஊரில் பழக்கத்தில் தொப்பியை எடுப்பார்கள். சிலர் எடுத்தார்கள்.

"விதி இரண்டு. இலவசப் பந்தயம் எனப்படுவது, நீங்கள் முதலில் பத்து பவுண்டு வைத்துத் தோற்ற பிறகே இலவசம்."

எதிரணி ரசிகர்கள் மூலையில் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்கள்தான் ஆரம்பித்தார்கள். "இதுக்காடா வந்தோம்? இதுக்காடா வந்தோம்?"

"விதி மூன்று. வென்ற தொகையைக் கையில் பெறுவதற்கு முன் அதை முப்பது முறை மறுபடியும் பந்தயத்தில் வைக்க வேண்டும்."

"எத்தன தடவ?" என்று கிழக்கு ஸ்டாண்டிலிருந்து ஒரு பெண் குரல். "முப்பது!" என்று எதிர் ஸ்டாண்டு. "எத்தன தடவ?" "முப்பது!"

என் பக்கத்துப் போன் அடித்தது. ஃப்ரேசர். "ஆஃப் பண்ணு!"

"எதை?"

"அவரை! மைக்கை! என்ன பண்றார் அந்த ஆளு?"

"நீங்க எல்லாம்னு சொன்னீங்களே."

"லின், ஆஃப் பண்ணு!"

மைக்கின் பொத்தான் என் கைக்குக் கீழேதான் இருந்தது. விரல்கூட அதன் மேல்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை. துணிச்சல் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால் நான்காவது விதி என்ன என்று கேட்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

"விதி நான்கு," என்றார் நெவில், இன்னும் மெதுவாக. "தொடர்ந்து வெல்லும் வாடிக்கையாளரின் கணக்கை, காரணம் எதுவும் கூறாமல், கட்டுப்படுத்தவோ மூடவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு."

பிறகு டிரம் வைத்திருக்கும் ஆள் ஒரு அடி கொடுத்தான். வடக்குப் பக்கம் முழுக்க எழுந்து நின்று பாடியது:

"ஜெயிச்சா — வெளிய போ! ஜெயிச்சா — வெளிய போ!"

எதிரணிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு ஊரும் ஒரே பாட்டைப் பாடி நான் பார்த்ததில்லை. வீரர்கள் வெளியே வந்து, தங்களைத்தான் வரவேற்கிறார்கள் என்று கை அசைத்தார்கள். எங்கள் அணி மூன்று கோல் வாங்கித் தோற்றது. வீரர்கள் பேரைச் சொல்லி யாரும் திட்டவில்லை. "நம்மள யாரும் வெளிய போகச் சொல்ல முடியாதுடா" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

நெவிலுக்கு வேலை போகும் என்று எதிர்பார்த்தோம். அவர் கெட்டிலைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். யாரோ எடுத்த வீடியோ ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கச் சுற்றியது. திங்கள்கிழமை ஃப்ரேசர் ஓடு கிடங்குக்கே போனார், கையில் ஒரு கூடை. உள்ளே பிஸ்கட், சீஸ், பொம்மைப் பறவை.

"தலைவா! மேலிடத்துல எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சு அழுதுட்டாங்க. காசு குடுத்தாக்கூட இப்படி ஒண்ணு கெடைக்காது. அடுத்த மேட்சுக்கு அதே மாதிரி. ஆனா விதி நாலு மட்டும் போதும். மத்ததெல்லாம் கொஞ்சம் இழுவை."

"நான் உங்களக் கிண்டல் பண்ணேன்ப்பா," என்றாராம் நெவில்.

"தெரியும் தலைவா. ரொம்ப நல்லா பண்ணீங்க."

நெவில் ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் பத்து நிமிடம் சேதி வாசிப்பார். பிறகு விதி. ஃப்ரேசர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "முடிஞ்சுது. மொதல்ல உங்க சாவு, அப்புறம் நம்ம விதி."

நெவில் ஜெயித்துவிட்டதாகவே நானும் நினைத்தேன்.

அடுத்த சொந்த ஊர் ஆட்டத்துக்குக் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். வாசலில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மடிப்பு அட்டை, தட்டினால் பட் பட் என்று சத்தம் வரும். ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் 'ஜெயிச்சா வெளிய போ'. கழுத்துத் துண்டிலும் அதே. பறவை வேடம் போட்ட ஒருவன் மைதான ஓரத்தில் குதித்துக்கொண்டு, கோல் பக்கம் ஓடி, தன்னையே வெளியே தள்ளிக்கொண்டான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

டீக்கடை ஜன்னலில் ஒரு வாரத்துக்கு மேலாகச் சீட்டுகள் சேர்ந்திருந்தன. நெவில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார். நல்ல சேதி மேலே, கெட்ட சேதி கீழே. கடைசிச் சீட்டு எரிக் பிகர்ஸ்டாஃபுடையது. அவர் மனைவி ஜோன் போன மாதம் இறந்துபோனார். இருவரும் கிழக்கு ஸ்டாண்டில் ஒரே இடத்தில் ஒரே பிளாஸ்கோடு உட்கார்ந்திருப்பார்கள், ஊருக்கே தெரியும்.

இரண்டே முக்கால். நெவில் மைக்கை இழுத்துக்கொண்டார். "பெரியோர்களே, நண்பர்களே, முதலில் சேதிகள்."

"விதி நாலு!" என்று வடக்குப் பக்கம்.

"தெற்கு ஸ்டாண்டில் இருக்கும் மெலனிக்கு முப்பதாவது பிறந்த நாள்."

"விதி நாலு! விதி நாலு!" பட், பட், பட்.

நெவில் குரலை உயர்த்தினார். அவர் உயர்த்த உயர்த்த அவர்களும் உயர்த்தினார்கள். நான் ஒலிபெருக்கியின் சத்தத்தை முடிந்தவரை ஏற்றினேன். அது கீச்சென்று கத்தியது, அதற்கும் கைதட்டினார்கள். எல்லாம் சேட்டையின் ஒரு பகுதி, கிழவர் வேண்டுமென்றே இழுக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். நெவில் ஒரு சீட்டையும் விடவில்லை. ஜோன் பெயரை அவர் வாசித்தது பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது.

சீட்டு தீர்ந்தபோது மூன்று மணி ஆகப்போகிறது. வீரர்கள் வரிசையாக வந்துவிட்டார்கள். நெவில் மைக்கைத் தள்ளி வைத்தார். விதி நாலு வாசிக்கவில்லை.

அப்போது ஊளை கிளம்பியது. எத்தனையோ வருடமாக எதிரணியை, நடுவரை, எங்கள் கோல்கீப்பரை ஊளையிட்ட அந்தக் கூட்டம், முதல் தடவையாக மேலே எங்கள் பெட்டியைப் பார்த்து ஊளையிட்டது. நெவில் ஜன்னலோரம் நின்று அதை முழுதாகக் கேட்டார்.

ஆட்டம் முடிந்ததும் ஏணிப்படி ஏறி எரிக் வந்தார். கையில் மடிப்பு அட்டை. மூச்சு வாங்கினார்.

"நெவில், ஜோன் பேர வாசிச்சியா?"

"வாசிச்சேன் எரிக்."

"எனக்குக் கேக்கலையே."

"இந்தப் பயலுக போட்ட சத்தத்துல எங்க கேக்கும்?"

எரிக் அட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "நானும் கத்திட்டு இருந்தேன்பா," என்றார். "பக்கத்துல எல்லாரும் கத்துனாங்க. நல்லா இருந்துச்சு. ஒரு மாசமா வீட்ல யார்கூடயும் பேசலயா, கத்துனது நல்லா இருந்துச்சு."

எரிக் திரும்பினார். ஏணியில் இறங்கும்போது அட்டை ஒவ்வொரு படியிலும் இடித்துப் பட் பட் என்றது.

பின்னாலேயே ஃப்ரேசர் வந்தார். தலைவா இல்லை, வெறும் நெவில். "இது ஒப்பந்தத்தை மீறின மாதிரி, நெவில்."

"அப்ப அந்த ரேடியோ பையனக் கூப்பிட்டுக்கங்க. விதி நாலை அவன் வாசிக்கட்டும்."

"அவன் எதுக்கு வாசிக்கணும்? மொத நாள் நீங்க வாசிச்சது பதிவுல இருக்கே. கையெழுத்துப் போட்ட தாள்ல ஆறாவது பக்கம். உங்க குரல் எங்களுக்குச் சொந்தம், ஒப்பந்தம் முடிஞ்சாலும்." பிறகு, கொஞ்சம் இரக்கமாகவே, "நீங்க வாசிச்சுப் பாக்கலயா?" என்றார்.

ஊருக்கே அவர்கள் விதிமுறையை ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டியவர், தன்னுடையதை வாசிக்கவில்லை. நெவில் சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறாவது பக்கத்தை நானாவது பார்த்திருக்கலாம். பேனா எழுதவில்லை என்றபோது என் பேனாவைத்தான் எடுக்கப் போனேன்.

இப்போது இடது நாற்காலியில் ரேடியோ பையன் உட்காருகிறான். கோலையும் ஆள் மாற்றத்தையும் அவன் சொல்வான். நல்ல பையன், டீ போடத் தெரியாது. இரண்டே முக்காலுக்கு ஒரு புதுப் பொத்தான். அதை அழுத்தினால் நெவில் வருவார். அழுத்துவது நான். வேலையை விட்டுவிடலாமா என்று செவ்வாய்க்கிழமை முழுக்க யோசித்தேன், புதன்கிழமையும். சனிக்கிழமை போய் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே போனேன். கிழக்கு வாசலில் சுழல்கதவு ஒவ்வொருவராகத்தான் விடும், வரிசை தெருமுனை வரை நிற்கும். வரிசைக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பால் பெட்டி மேல், அந்தச் சின்னச் சட்டையில் நெவில் நின்றிருந்தார். கையில் சீட்டுகள்.

"மெலனி, போன மேட்ச் உன் பொறந்த நாள். காதுல விழுந்திருக்காது. முப்பது. நல்லா இரு கண்ணு."

"இருவத்தொம்பது!" என்று வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். நாலு பேர் சிரித்தார்கள். ஒருவன், "யோவ் நெவில், விதி நாலு சொல்லுய்யா" என்றான். "உள்ள போ, அங்க நான் சொல்லிட்டிருப்பேன்" என்றார் நெவில், அடுத்த சீட்டை எடுத்தபடி.

பாதுகாப்பு உடுப்புப் போட்ட ஆள் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "நெவில், இங்க கூட்டம் கூட்டக் கூடாதுன்னு சொல்றாங்க."

"நான் எங்கடா கூட்டுனேன்? கூட்டம் தானா நிக்குது. கதவ வேகமாச் சுத்தச் சொல்லு, போயிடும்."

வரிசையில் முன்பக்கம் எரிக் நின்றிருந்தார். நெவில் அவரைப் பார்த்துவிட்டு அடுக்கின் கீழிருந்து ஒரு சீட்டை உருவினார். எனக்கு நேரமாகிவிட்டது. மேலே ஓடினேன்.

எங்கள் பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, அதில் கிழக்கு வாசல் தெரியும். நெவில் பால் பெட்டி மேல் நின்று வாசிக்க ஆரம்பித்திருந்தார். எரிக் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். ரேடியோ பையன் என் தோளைத் தட்டினான். "லின், மணியாச்சு." அழுத்தினேன்.

வெளிச் சுவரிலும் ஒலிபெருக்கி உண்டு. நெவில் தலைக்கு நேர் மேலே, நெவிலின் குரல் கிளம்பியது. உள்ளே மைதானம் முழுக்க எழுந்தது. வரிசையில் நின்றவர்களிலும் பாதிப் பேர் வாயைத் திறந்தார்கள். எரிக்கும் திறந்தார், மூடிக்கொண்டார். நெவில் சீட்டில் ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தினார். மேலே அவர் மெதுவாக, ஒரு சொல்லையும் விழுங்காமல், விதி நான்கை வாசித்துக்கொண்டிருந்தார். கீழே அவர், தான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

சத்தம் அடங்கியதும் விரலை எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.